வங்கதேசத்துப் பெண்களும் தொண்டு நிறுவனங்களும்: எதை மாற்ற முடிந்தது, எதை மாற்ற முடியவில்லை

வங்கதேசத்தைப் பற்றிய சில கணக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால், அந்நாட்டுப் பெண்களின் நிலை குறித்து ஆய்வாளர்கள் ஏன் இவ்வளவு முரண்படுகிறார்கள் என்பது ஓரளவு விளங்கும். 2001இல் உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு லட்சம் குழந்தைகளுக்கும் 322 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 2010இல் எடுக்கப்பட்ட கணக்கில் அந்த எண்ணிக்கை 194 ஆகக் குறைந்திருந்தது. 1970களில் ஒரு பெண் சராசரியாக ஆறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றாள். 2011 வாக்கில் அது 2.3 என்ற அளவுக்கு வந்துவிட்டது. பள்ளிகளில் சிறுமிகளின் எண்ணிக்கை சிறுவர்களின் எண்ணிக்கையை எட்டிப் பிடித்தது. ஆனால் 2019இல் எடுக்கப்பட்ட ஆய்வின்படி, அதே நாட்டில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிப்பேருக்கு 18 வயது நிறைவதற்கு முன்பே திருமணம் முடிந்திருந்தது. வரதட்சணை 1980இலேயே சட்டப்படி தடை செய்யப்பட்டும் கிராமங்களில் அது ஒழியவில்லை. உலகிலேயே தொண்டு நிறுவனங்கள் மிக அடர்த்தியாக வேரூன்றிய நாடுகளில் ஒன்று வங்கதேசம் என்பதால், இந்த முன்னேற்றம், தேக்கம் இரண்டிலும் அந்நிறுவனங்களுக்குள்ள பங்கைக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

1970 நவம்பரில் வீசிய போலா புயல் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. மறு ஆண்டு விடுதலைப் போர் நடந்தது. ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் நுழைந்து, பின்னர் ஊர் திரும்பினார்கள். புதிய அரசிடம் பணமும் இல்லை, கிராமம்வரை சென்று சேரும் நிர்வாகமும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான், எண்ணெய் நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்த ஃபஸ்லே ஹசன் ஆபேத், வடகிழக்கே சுல்லா என்ற தண்ணீர் சூழ்ந்த பகுதியில் 1972இல் பிராக் அமைப்பைத் தொடங்கினார். போர்க்காலத்தில் திரிபுராவில் காயம்பட்ட வீரர்களுக்குக் கள மருத்துவமனை நடத்திய மருத்துவர் ஜஃப்ருல்லா சௌத்ரி, அதே ஆண்டில் டாக்காவுக்கு அருகே சாவாரில் கொனோஷாஸ்தய கேந்திரா என்ற மக்கள் நல மையத்தை அமைத்தார். இவை பெண்களுக்கென்று தொடங்கப்பட்ட அமைப்புகள் அல்ல. நிவாரணப் பணிக்காகத் தோன்றியவை. பெண்களை நோக்கிய திருப்பம் அனுபவத்தின் வழியாக வந்தது. முழுக் கிராமத்துக்குமாகக் கொடுத்த உதவி வசதியுள்ளவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. நிலமற்றவர்களை மட்டும் திரட்டியபோது, அவர்களிலும் கடைசி வரிசையில் பெண்களே இருந்தார்கள். 1974 பஞ்சத்தின்போது, வீட்டு முற்றத்தைத் தாண்டாத பெண்கள் வேலை தேடிச் சாலைக்கு வந்ததைக் கண்ட பிறகு, ‘எங்கள் பெண்கள் வெளியே வரமாட்டார்கள்’ என்ற பேச்சு முன்புபோல எடுபடவில்லை.

சாவாரில் நடந்தது சிறிய அளவிலான சோதனைதான் என்றாலும் பார்ப்பவர்கள் கண்ணில் படும்படியானது. பத்தாம் வகுப்பை எட்டிய கிராமத்துப் பெண்களுக்கு மருத்துவப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுத்து, ஊர் ஊராகச் சைக்கிளில் அனுப்பினார்கள். பெண் சைக்கிள் மிதிப்பதே அவதூறுக்குப் போதுமான காலம் அது. தடுப்பூசி, கருத்தடை, பிரசவ கவனிப்பு ஆகியவற்றை அவர்கள் கொண்டு சென்றார்கள்; கூடவே, சம்பளம் வாங்கும் பெண் எப்படியிருப்பாள் என்பதையும் ஊர் முதன்முறையாகப் பார்த்தது. தொண்டு நிறுவனங்கள் தந்த பாடங்களைவிட அவற்றின் பெண் ஊழியர்களே அதிகம் மாற்றினார்கள் என்பது என் கருத்து. இதை எண்ணிக்கையில் நிறுவுவது கடினம் என்பதால், மதிப்பீட்டு அறிக்கைகளில் இது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

வயிற்றுப்போக்குக்கு எதிராக 1980இல் பிராக் தொடங்கிய திட்டம் இதைவிடப் பன்மடங்கு பெரியது. அதன் உள்விவரங்கள் நம் கேள்விக்கு நேரடியாகப் பயன்படுபவை. மூன்று விரல் சேர்த்து எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) தண்ணீர்: இந்தக் கரைசலைத் தயாரிக்கப் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால் சம்பளம் கிடைத்துவிடாது. சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், குறிப்பிட்ட சில வீடுகளில் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்பார். கரைசலைக் கலந்து காட்டச் சொல்லி, அதன் உப்பளவைச் சோதிக்க மாதிரியும் எடுத்துக்கொள்வார். தாயின் நினைவைப் பொறுத்தே ஊழியரின் கூலி அமைந்தது. இவ்வளவு செய்தும், தொடக்கத்தில் கற்றுக்கொண்ட பல வீடுகளில் குழந்தைக்கு நோய் வந்தபோது கரைசலைக் கலக்கவில்லை. காரணங்களை விசாரித்தபோது, ஊழியர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்பது ஒன்றாகவும், தங்களை விலக்கிவிட்டுத் தங்கள் வீட்டுப் பெண்களிடம் அந்நியர்கள் பேசிவிட்டுப் போவதை ஆண்கள் விரும்பவில்லை என்பது இன்னொன்றாகவும் தெரியவந்தது. அதன் பிறகு சந்தையிலும் மசூதியிலும் ஆண்களிடம் பேசத் தனியாக ஆட்கள் அனுப்பப்பட்டார்கள், பயன்பாடு ஏறியது. பத்தாண்டுகளில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் திட்டம் சென்று சேர்ந்தது.

அதாவது தாயின் அறிவு கூடியது, குழந்தைகள் பிழைத்தன, ஆனால் அந்த அறிவைப் பயன்படுத்தக் கணவனின் ஒப்புதல் தேவை என்ற ஏற்பாடு அப்படியே இருந்தது. திட்டம் அந்த ஏற்பாட்டோடு மோதாமல், அதன் வழியாகவே நடந்து வெற்றி பெற்றது. குடும்பம் முழுவதற்கும் நன்மை தருகிற, ஆணின் அதிகாரத்தையோ சொத்தையோ தொடாத மாற்றங்கள் வங்கதேசத்தில் வியக்கத்தக்க வேகத்தில் நடந்தன. அவற்றைத் தொட்ட மாற்றங்கள் ஒவ்வொரு படியிலும் தடுக்கப்பட்டன. தொண்டு நிறுவனங்களின் சாதனையையும் எல்லையையும் இந்த இரு வகை மாற்றங்களையும் பிரிக்கும் கோட்டினை வைத்துப் பார்த்தால்தான் பலவும் பிடிபடுகின்றன.

ஏழைகளுக்கு அடமானமின்றித் தரும் சிறு கடனான நுண்கடன் இந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. அதனால்தான் அதைப் பற்றிய விவாதம் முடிவதே இல்லை. சிட்டகாங்குக்கு அருகே ஜோப்ரா கிராமத்தில் 1976இல் பொருளாதாரப் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்கு மொத்தமாக 27 டாலர் மதிப்புள்ள தொகையைக் கடனாகக் கொடுத்ததில் தொடங்கிய முயற்சி, 1983இல் தனிச் சட்டத்தின் மூலம் கிராமீன் வங்கி ஆனது. சட்டப்படி அது வங்கியே தவிரத் தொண்டு நிறுவனமல்ல. ஆனால் அதன் முறையைப் பிராக், 1978இல் தோன்றிய ஆசா முதலிய தொண்டு நிறுவனங்கள் தத்தம் வழியில் கையாண்டதால் அதை விட்டுவிட்டுப் பேச முடியாது. தொடக்கத்தில் ஆண்களும் கணிசமாகக் கடன் பெற்றார்கள். பிறகு கடனாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் பெண்களானார்கள். பெண் கையில் வரும் பணம் பிள்ளைகளுக்குப் போகும் என்பது சொல்லப்பட்ட காரணம். பெண் வீட்டில்தான் இருப்பாள், தவணைக்குத் தப்பி ஓடமாட்டாள், ஊர் முன்னிலையில் அவமானப்பட அஞ்சுவாள் என்பது அவ்வளவாகச் சொல்லப்படாத காரணம்.

வாரத் தவணை நாள் எப்படி நடக்கும் என்று பார்த்தால் இந்த இரண்டாவது காரணம் தெளிவாகும். தகரக் கூரை போட்ட ஒரு வீட்டின் முற்றத்தில் பாய் விரித்து, குழுக் குழுவாகப் பெண்கள் வரிசையில் அமர்ந்திருப்பார்கள். நிறுவன ஊழியர் வந்து பாஸ்புத்தகங்களை வாங்கி, நோட்டுகளை எண்ணிப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். ஒருத்தி வரவில்லை என்றாலோ பணம் குறைந்தாலோ, மொத்தத் தொகை சேரும்வரை கூட்டம் கலையாது. மற்றவர்கள் தங்களுக்குள் திரட்டிக் கொடுப்பார்கள், அல்லது வராதவளின் வீட்டுக்கு இரண்டு பேர் போவார்கள். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வெளியே கூடவும், தன் பெயர் எழுதிய புத்தகத்தைக் கையில் வைத்திருக்கவும், அண்டை வீட்டாரோடு கணக்குப் பேசவும் அந்தக் கூட்டம் வழிசெய்தது உண்மை. அதே கூட்டத்தில் கடன் வசூல் செய்யும் வேலை சக பெண்களின் தலையில் வந்து விழுந்ததும் உண்மை. தவணை தவறியவர்களின் ஆடு மாடுகளையும், பாத்திரங்களையும், சில இடங்களில் வீட்டுக் கூரைத் தகரத்தையும்கூட எடுத்துச் சென்றதை மானுடவியலாளர்கள் களத்தில் பதிவு செய்திருக்கிறார்கள்.

கடன் பெண்ணின் பெயரில் இருந்தது. பணம் யார் கையில் இருந்தது? 1996இல் ஆன் மேரி கோட்ஸும் ரீனா சென்குப்தாவும் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்டது. அவர்கள் ஆராய்ந்த கடன்களில் ஏறத்தாழ 63 சதவீதத்தில் பெண்ணின் கட்டுப்பாடு ஓரளவுக்கோ, மிகக் குறைவாகவோ, அல்லது அறவே இல்லாமலோ இருந்தது. பணத்தைக் கணவனோ மகனோ வாங்கிக்கொள்ள, தவணை கட்டும் பொறுப்பு மட்டும் அவளிடம் தங்கியது. அதே ஆண்டில் வெளிவந்த ஹஷேமி, ஷூலர், ரைலி ஆகியோரின் ஆய்வு வேறு படத்தைக் காட்டியது: தனியாகக் கடைக்குப் போவது, சிறு பொருள்களைத் தன் முடிவில் வாங்குவது, குடும்ப முடிவுகளில் பங்கெடுப்பது, சட்டம் பற்றிய அறிவு போன்ற அளவுகோல்களில் கடன் பெற்ற பெண்கள் மற்றவர்களைவிட முன்னே நின்றார்கள். ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே திட்டங்கள், எதிரெதிர் முடிவுகள். நைலா கபீர் பின்னர் காட்டியது போல, ஒருவர் பணத்தின் நிர்வாகத்தை அளந்தார், மற்றவர் அதன் விளைவை அளந்தார். கடனைக் கணவனிடம் கொடுத்துவிட்ட பெண்ணும், ‘என் மூலமாகத்தான் வீட்டுக்குப் பணம் வருகிறது’ என்ற நிலையால் முன்பைவிட மதிப்புப் பெறலாம். பெறாமலும் போகலாம்.

குடும்பச் செலவின் மீதான விளைவும் இதேபோல் வழக்காடப்பட்டது. பெண்ணுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு 100 டாக்கா (வங்கதேச நாணயம்) கடனும் குடும்பத்தின் ஆண்டு நுகர்வை 18 டாக்கா உயர்த்துகிறது, ஆணுக்குக் கொடுத்தால் 11 டாக்காதான் என்று 1998இல் பிட், கான்ட்கர் இருவரும் கணக்கிட்டார்கள். உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட அந்தக் கணக்கைப் பின்னர் ரூட்மன், மோர்டக் இருவரும் மறுபடி போட்டுப் பார்த்து, அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். 2006இல் யூனுஸுக்கும் கிராமீன் வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது இருந்த உற்சாகம் இப்போது ஆய்வு உலகில் இல்லை. அதே 2006இல் நுண்கடன் ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கப்பட்டது. பின்னர் அது வட்டிக்கு 27 சதவீதம் என்று உச்சவரம்பு விதித்து, அதன் பிறகு 24 சதவீதமாகக் குறைத்தது. ஏழைப் பெண்ணுக்கு இது குறைந்த வட்டியல்ல. ஆனால் ஊர் வட்டிக்காரரிடம் அவள் கட்டியதைவிடக் குறைவு.

கிராமீன் உறுப்பினர்கள் கூட்டங்களில் உரக்கச் சொல்லும் ‘பதினாறு தீர்மானங்கள்’ இங்கே கவனிக்கத்தக்கவை. காய்கறி பயிரிடுவோம், கழிப்பறை கட்டுவோம், குடும்பத்தைச் சிறிதாக வைத்துக்கொள்வோம், பிள்ளைகளைப் படிக்க வைப்போம் என்பவற்றோடு, மகன் திருமணத்தில் வரதட்சணை வாங்கமாட்டோம், மகள் திருமணத்தில் கொடுக்கமாட்டோம் என்பதும் அதில் உண்டு. முன்னவை பரவலாக நடந்தேறின; கடைசியாகச் சொன்னது நடக்கவில்லை. கடன் பணமே வரதட்சணைக்குப் போன நேர்வுகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து பதிவு செய்துள்ளார்கள்.

கடன் கொடுக்கத் தகாத அளவுக்கு ஏழைகள் என்று விலக்கப்பட்ட பெண்களை நோக்கி 2002இல் பிராக் வேறொரு திட்டம் தொடங்கியது. கடனுக்குப் பதிலாகப் பசுவையோ ஆடுகளையோ இலவசமாகக் கொடுத்து, சிறிது காலம் வாரச் செலவுக்குப் பணமும் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் ஊழியர் தொடர்ந்து வீட்டுக்கு வந்து பயிற்சி அளிப்பார். மற்றவர் வீட்டு வேலைக்கும் வயல் கூலிக்கும் போய்க்கொண்டிருந்த பெண்கள் தங்கள் கால்நடையைக் கொண்டு வருமானம் ஈட்டத் தொடங்கியதையும், அந்த மாற்றம் திட்டம் முடிந்த பிறகும் நிலைத்ததையும் சீட்டுக்குலுக்கல் முறையில் கிராமங்களைத் தேர்ந்து நடத்திய ஆய்வு காட்டியது. நுண்கடனைவிட இதற்கான சான்று வலுவானது. செலவும் அதிகம் என்பதால் இதைப் பரப்புவது கடினம்.

கல்வியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1985இல் 22 பள்ளிகளோடு தொடங்கிய பிராக்கின் ஓரறைப் பள்ளிகளில் சுமார் 30 பிள்ளைகள், ஒரே ஆசிரியை; பிள்ளைகளில் பெரும்பாலோர் சிறுமிகள், ஆசிரியை அதே ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண். பள்ளி வீட்டுக்கு அருகில் இருந்ததும், கற்பிப்பவர் தெரிந்த பெண்ணாக இருந்ததும் பெற்றோரின் தயக்கத்தைப் போக்கின. ஆனால் சிறுமிகளின் கல்வி உயர்வுக்குத் தொண்டு நிறுவனங்களை மட்டும் பாராட்டுவது நியாயமல்ல. 1994இல் இடைநிலை வகுப்புச் சிறுமிகளுக்கு அரசு நாடு முழுவதும் உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. திருமணத்தைத் தள்ளிப்போடுவது அதற்கு ஒரு நிபந்தனை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் லட்சக்கணக்கான இளம்பெண்களுக்கு நகரத்தில் கூலி வேலை கொடுத்து, எழுதப் படிக்கத் தெரிந்த மகளுக்கு ஒரு பொருளாதார மதிப்பை ஏற்படுத்தின. கருத்தடையைப் பரப்பியதில் அரசின் பெண் களப்பணியாளர்களுக்கே முதன்மைப் பங்கு. இவற்றைப் பிரித்தெடுத்து இவ்வளவு பங்கு இவர்களுக்கு என்று கூறும் எந்தக் கணக்கையும் ஐயத்தோடு படிப்பது நல்லது.

பெண்களின் நடமாட்டமே அதிகாரத்தைத் தொடும் செயல் என்று கருதியவர்கள் 1990களின் தொடக்கத்தில் எதிர்வினையாற்றினார்கள். 1993இல் சில்ஹெட் பகுதியில், மறுமணம் செல்லாது என்று ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்பளித்து ஓர் இளம்பெண்ணின் மீது கல்லெறிந்தார்கள். அவர் அவமானம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டில் பிராக்கின் பள்ளிகள் பல எரிக்கப்பட்டன. பெண்கள் பட்டுப்புழு வளர்ப்புக்காக நட்ட முசுக்கட்டை மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. சமயப் பற்று மட்டுமே இதற்குக் காரணம் என்று கொள்ள முடியாது. தொண்டு நிறுவனங்களின் கடனும் பள்ளியும், கிராமத்து வட்டிக்காரர், நிலக்கிழார், மதரசா நடத்துவோர் ஆகியோரின் பிடியைத் தளர்த்தியிருந்தன.

சட்டம் சார்ந்த பணி, கடன் தரும் நிறுவனங்களின் பணியைவிட ஆள்பலத்தில் சிறியது. பெண்ணின் நிலையை அது தொட்ட விதம் வேறு. 1978இல் தோன்றிய மாதாரிபூர் சட்ட உதவிச் சங்கமும், 1986இல் தோன்றிய ஐன் ஓ சாலிஷ் கேந்திராவும், சாலிஷ் எனப்படும் ஊர்ப் பஞ்சாயத்து முறையை ஒதுக்கித் தள்ளாமல் அதற்குள்ளேயே நுழைந்தன. ஆண்கள் மட்டும் அமர்ந்து தீர்ப்புச் சொன்ன இடத்தில், பயிற்சி பெற்ற பெண்களும் அமர்ந்தார்கள். ஜீவனாம்சம், மகர் (மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய தொகை), பலதார மணம் பற்றி நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பது அங்கே முதன்முறையாகப் பேசப்பட்டது. 2001இல் உயர் நீதிமன்றம் பத்வா எனப்படும் மார்க்கத் தீர்ப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. 2011இல் உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு அதைத் திருத்தி, பத்வா சொல்லலாம், ஆனால் அதன் பெயரால் எவரையும் தண்டிக்கக் கூடாது என்றது. பெண் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2009 மே மாதம் பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் நெறிமுறைகளை உயர் நீதிமன்றம் வகுத்தது.

எல்லாவற்றையும்விடத் தெளிவான வெற்றி அமில வீச்சுக்கு எதிரானது. நாரிபொக்கோ என்ற பெண்ணுரிமை அமைப்பு 1990களின் நடுவில் பாதிக்கப்பட்ட சிறுமிகளை ஒன்றுதிரட்டிப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. 1999இல் அமில வீச்சில் உயிர்பிழைத்தோருக்கான அறக்கட்டளை தோன்றியது. 2002இல் அமில விற்பனையைக் கட்டுப்படுத்தவும் குற்றத்தைத் தண்டிக்கவும் இரண்டு சட்டங்கள் வந்தன. அந்த ஆண்டில் ஏறத்தாழ 500ஐத் தொட்ட தாக்குதல்கள் பத்தாண்டுகளில் 100க்கும் கீழே இறங்கின. இங்கேயும் அந்தக் கோடு தெரிகிறது: அமில வீச்சைப் பொதுவில் நியாயப்படுத்த எந்தக் கட்சியும், எந்தச் சமயத் தலைவரும் முன்வரவில்லை. சிறார் திருமணத்துக்கு அப்படியல்ல. 2017இல் வந்த திருத்திய சட்டமே, ‘சிறப்புச் சூழ்நிலைகளில்’ 18 வயதுக்குக் கீழ் மணம் முடிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்ற பிரிவோடு வந்தது. பெண்கள் அமைப்புகளின் எதிர்ப்பு எடுபடவில்லை.

தொண்டு நிறுவனங்கள் தாங்களாகவே துணிவிழந்துவிட்டன என்று குற்றம் சாட்டுவதற்கு முன், அவை எதனால் வாழ்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். 1970களில் நிலமற்றவர்களை உரிமைக்காகத் திரட்டுவதே பல அமைப்புகளின் பேச்சாக இருந்தது. 1990களில் வெளிநாட்டுக் கொடையாளர்கள் அளவிடத்தக்க பலனையும், சொந்தக் காலில் நிற்கும் வருவாயையும் கேட்டார்கள். கடன் திட்டம் இரண்டையும் தந்தது. கடன் கொடுப்பவர் கடனாளியைப் போராட்டத்துக்கு அழைப்பது எளிதல்ல. கலவரம் வந்தால் தவணை நிற்கும். 1980இல் தொடங்கிய நிஜேரா கோரி என்ற அமைப்பு கடன் தருவதில்லை என்று முடிவெடுத்துத் திரட்டும் பணியிலேயே நின்றது. அதன் விலையும் தெரிந்ததுதான்: குல்னா மாவட்டத்தில் வயல்களை உப்புநீர் இறால் பண்ணையாக மாற்றுவதை எதிர்த்த ஊர்வலத்தின் முன்வரிசையில் நின்ற நிலமற்ற பெண் கருணாமயீ சர்தார் 1990 நவம்பர் 7 அன்று கொல்லப்பட்டார். அப்பகுதி மக்கள் இறால் பண்ணைகளை உள்ளே விடவில்லை. ஆண்டுதோறும் அந்நாளை நினைவுகூர்கிறார்கள். அரசின் பிடியும் இறுகியிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டுச் சட்டம், அரசியல் சாசனத்தையும் அதன் அமைப்புகளையும் இழிவாகப் பேசுவதையே தொண்டு நிறுவனங்களுக்குக் குற்றமாக்கியது.

கடைசியில் எஞ்சுவது நிலமும் வாரிசுரிமையும். முஸ்லிம் குடும்பச் சட்டப்படி மகளுக்கு மகனின் பங்கில் பாதி. அதையும் பல பெண்கள் பிறந்த வீட்டு உறவு முறியக் கூடாது என்று சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். நிலமற்றவர்களுக்குப் புறம்போக்கு நிலம் வழங்கும் 1997ஆம் ஆண்டுக் கொள்கை, கைம்பெண்ணுக்கு முன்னுரிமை தரும்போதே அவளுக்கு உழைக்கத்தக்க வயதில் மகன் இருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டது. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் 1984இல் சேர்ந்த அரசு, 1997இல் சில விலக்குகளைத் திரும்பப் பெற்றாலும், பாகுபாட்டை ஒழிக்கும் அடிப்படைப் பிரிவின் மீதும், திருமணத்திலும் மணமுறிவிலும் சம உரிமை தரும் பிரிவின் மீதும் விலக்குகளை வைத்துக்கொண்டது.

2024 ஆகஸ்டில் ஆட்சி மாறி, யூனுஸ் தலைமையில் இடைக்கால அரசு வந்தபோது, நாரிபொக்கோவை நிறுவியவர்களுள் ஒருவரான ஷிரீன் ஹக்கின் தலைமையில் மகளிர் விவகாரச் சீர்திருத்த ஆணையம் அமைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அது அளித்த அறிக்கையில் 433 பரிந்துரைகள் இருந்தன. வாரிசுரிமையில் சமபங்கு அவற்றுள் ஒன்று. உடல்நலம், கல்வி பற்றிய பரிந்துரைகளை யாரும் தெருவுக்கு வந்து எதிர்க்கவில்லை. மே 3ஆம் தேதி டாக்காவில் பெருங்கூட்டம் கூட்டிய ஹெஃபாஜத்-இ-இஸ்லாம் என்ற இஸ்லாமிய அமைப்பு, குடும்பச் சட்டத்தையும் வாரிசுரிமையையும் முன்வைத்து, ஆணையத்தையே கலைக்க வேண்டும் என்றது. அதே மாதம் 16ஆம் தேதி பெண்கள் அமைப்புகளும் மாணவியரும் தொழிலாளர்களும் நாடாளுமன்றத்தை ஒட்டிய சாலையில் திரண்டு பதில் ஊர்வலம் நடத்தினார்கள்.